ஆதிரையா வானதியா, எட்டு நாள்ல முடிவு பண்ணணும்

வேளச்சேரி_புதுஅம்மா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு பொண்ணு பொறந்து 22 நாள் ஆச்சு, ரோகிணி நட்சத்திரம். முப்பதாம் நாள் தொட்டில் போடறதா வச்சிருக்கோம், இன்னும் எட்டு நாள்தான் இருக்கு, வீட்ல இன்னமும் பாப்பா பாப்பான்னுதான் கூப்பிட்டுட்டு இருக்கோம்.

வயித்துல இருக்கும்போதே பொண்ணா இருந்தா ஆதிரைன்னு மனசுல வச்சுட்டேன். நான் காலேஜ்ல தமிழ் இலக்கியம் படிச்சவ. மணிமேகலைல அள்ள அள்ள சோறு குறையாத அமுதசுரபி பாத்திரம் கைக்கு வந்துடுது, முதல் பிச்சை யார்கிட்ட வாங்கறதுன்னு மணிமேகலை கேக்கறா, அப்ப காயசண்டிகை கைகாட்டற வீடு ஆதிரையோட வீடு. அந்த எடத்தை பத்தொம்பது வயசுல படிச்சேன், இன்னும் அப்படியே மனசுல நிக்குது.

அவருக்கு வானதி. பொன்னியின் செல்வன் கல்கில தொடரா வந்தப்ப அவங்க தாத்தா வாராவாரம் பக்கத்தை கிழிச்சு சேத்து பைண்ட் பண்ணி வச்ச புக் எங்க வீட்ல இருக்கு, மணியம் படத்தோட, அதைப் பாத்துத்தான் இவர் தமிழே எழுத்துக்கூட்டி படிக்க ஆரம்பிச்சாராம். அதனால அவர் ஆசையும் சின்ன ஆசை கிடையாது. போதாக்குறைக்கு ஜோசியர் ரோகிணிக்கு ஓ, வா, வீ, வூ எழுத்துன்னு சொல்லிட்டார், வானதி கரெக்டா அதுல வந்து உக்காந்துடுச்சு.

இப்ப பிரச்சனை அத்தை. ஆசையா நான்தான் ஆதிரை கதையை அவங்ககிட்ட சொன்னேன், புருஷன் கப்பல் கவிழ்ந்து போயிட்டான்னு கேட்டு தீயில எறங்கினாங்கற வரைக்கும் சொல்லும்போதே அத்தை கையைக் காட்டி நிறுத்திட்டாங்க. பச்சக்குழந்தைக்கு தீயில எறங்கினவ பேரான்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் நான் எவ்வளவு சொன்னாலும் காதுல ஏறல. எங்க சித்தி வேற போன் பண்ணி ஆதிரைங்கறதே திருவாதிரை நட்சத்திரமாச்சே, ரோகிணில பொறந்த புள்ளைக்கு இன்னொரு நட்சத்திரத்தோட பேரை வைக்கலாமான்னு கேக்கறாங்க. நாத்தனார் ஆதிரான்னு மாத்திடுங்க அண்ணி ஸ்டைலா இருக்கும்ங்கறா.

கதைல வர்றவங்க பட்ட கஷ்டம் பேரோட சேந்து குழந்தைக்கு வரும்னு நீங்க யாராவது நம்பறீங்களா? இந்த மாதிரி பேரோட வளந்தவங்க இருந்தா உங்க அனுபவத்தை சொல்லுங்க ப்ளீஸ். மனசு ரொம்ப அலையுது.

பெரம்பூர்_கபிலன்அப்பா:

வாழ்த்துக்கள் சிஸ்டர். முதல்ல அந்த எட்டு நாள் டென்ஷனை விடுங்க. பிறப்பை 21 நாளுக்குள்ள பதிவு பண்ணணும் அவ்வளவுதான், பேரை இல்ல. ஆஸ்பத்திரில பொறந்திருந்தா பதிவுக்கு அவங்களே அனுப்பியிருப்பாங்க, எதுக்கும் ஒருவாட்டி கேட்டு வச்சுக்குங்க, பேர் எழுதற கட்டம் காலியா இருந்தாலும் சர்டிபிகேட் வரும். பேரை 12 மாசம் வரைக்கும் கட்டணம் இல்லாம சேக்கலாம், அதுக்கப்புறம் 15 வருசம் வரைக்கும் லேட் பீஸ் கட்டி சேக்கலாம். ஆனா சேத்தப்புறம் மாத்தறதுதான் கஷ்டம், கெசட் வரைக்கும் போகணும். 2023 அக்டோபர்ல இருந்து புதுசா பொறக்கற குழந்தைங்களுக்கு ஸ்கூல் அட்மிஷன்ல இருந்து பாஸ்போர்ட் வரைக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படைன்னு ஆயிடுச்சு, அதனால தொட்டில் அன்னைக்கு காதுல சொல்லிடுங்க, பேரை ரெஜிஸ்டர் பண்றதுக்கு நிதானமா பத்து நாள் எடுத்துக்குங்க. தமிழ் ஸ்பெல்லிங் இங்கிலீஷ் ஸ்பெல்லிங் ரெண்டையும் பேப்பர்ல எழுதி வீட்ல நாலு பேர் படிச்சுப் பாத்துட்டு அப்புறமா குடுங்க.

எங்க பையன் கபிலன், இப்ப மூணாங்கிளாஸ். எங்க வீட்லயும் இதே பேச்சு வந்துச்சு. பாரி போன துக்கத்துல வடக்கிருந்து, அதாவது பட்டினி கிடந்து உயிரை விட்ட கபிலர் பேராச்சேடான்னு எங்க பெரியப்பா சொன்னார். நான் அவர்கிட்ட சொன்னது இதான்: பெரியப்பா, மூணு ராஜாவும் சேந்து பாரியை முடிச்சிட்டாங்க, பறம்பு போச்சு, எல்லாம் போச்சு, அப்ப அந்த ரெண்டு பொண்ணுங்களை கூட்டிக்கிட்டு யார் அரண்மனை வாசல்ல வேணா நின்னு இதுங்களுக்கு ஒரு வழி பண்ணுங்கன்னு கேட்ட மனுசன் பேரு இது, ஒரு பிரெண்டுக்கு அதுக்கு மேல என்ன பண்ண முடியும்னேன். பெரியப்பா ரொம்ப நேரம் பேசல. அவரே ஒரு பிரெண்டு குடும்பத்தை பாத்துக்கிட்டவர். அப்புறம் தொட்டில்ல மூணு தடவை அவர்தான் காதுல சொன்னார்.

போன லீவுல பையனை திருக்கோவிலூர் கூட்டிட்டுப் போய் தென்பெண்ணைல இருக்கற கபிலர் குன்றை காமிச்சோம். இது என் பேருக்கு இருக்கற பாறையான்னு கேட்டான். அதை தொட்டுப் பாத்துட்டு ரொம்ப நேரம் நின்னான்.

மயிலை_தமிழய்யா:

அம்மா, முப்பத்தோரு வருசம் பள்ளிக்கூடத்துல தமிழ் எடுத்துட்டு ரிட்டயர் ஆனவன். உங்க கேள்வியைப் படிச்சதும் ராத்திரி அலமாரில இருந்து மணிமேகலையை எடுத்து ஆதிரை வர்ற காதையை, அதாவது அந்த அத்தியாயத்தை மறுபடி படிச்சேன். உங்க அத்தை கதையை பாதில நிறுத்திட்டாங்க, அதுதான் சிக்கல். மிச்சத்தை சொல்றேன், இதை அப்படியே அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.

ஆதிரையோட புருஷன் சாதுவன் நல்லவனா ஆரம்பிக்கல. கட்டின பொண்டாட்டியை விட்டுட்டு ஒரு கணிகை வீட்டோட கெடந்தான், சூதாட்டத்துல கைப்பொருள் மொத்தமும் போச்சு, காசு தீந்ததும் அந்த வீட்லயும் வெளிய போன்னுட்டாங்க. அப்புறம்தான் வணிகர்களோட சேந்து கப்பல் ஏறினான். கப்பல் உடைஞ்சுது. ஒரு மரத்துண்டை பிடிச்சுக்கிட்டு நாகர் மலைப்பக்கம் ஒதுங்கினான். அவன் ஒதுங்கினது ஊருக்குத் தெரியாது, தப்பிச்சு வந்தவங்க செத்துட்டான்னு சொல்லிட்டாங்க. ஆதிரை தீ வளக்கச் சொல்லி அதுல எறங்கினா. எறங்கினாளா? எறங்கினா. ஆனா தீ அவளைத் தொடல. கட்டியிருந்த புடவை கருகல, பூசின சந்தனம் காயல, தலைல வச்ச பூ வாடல. தாமரைல உக்காந்த திருமகள் மாதிரி அவ இருந்தாள்னு மணிமேகலையை எழுதின சாத்தனார் சொல்றார். தீயும் கொல்லாத தீவினையாட்டி ஆயிட்டேனே, இனி என்ன பண்ணுவேன்னு அவ அழும்போது வானத்துல இருந்து குரல் வருது, உன் புருஷன் உயிரோட இருக்கான், சந்திரதத்தன்னு ஒரு வணிகனோட கப்பல்ல திரும்பி வருவான், அழாதேன்னு. அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு பொய்கைல குளிச்சுட்டு வர்றவ மாதிரி வீட்டுக்கு வந்துடறா.

இந்தப் பக்கம் பாருங்க. நாகர்கள் மனுசனையே திங்கறவங்க. சாதுவனுக்கு அவங்க பாஷை தெரிஞ்சிருந்ததால தலைவன்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க. கள்ளு குடுக்கறாங்க, மாமிசம் குடுக்கறாங்க, பொண்ணு குடுக்கறாங்க. எல்லாத்தையும் எந்த மனுசன் ஒரு காலத்துல இதுக்காகவே வீட்டை விட்டுப் போனானோ அதே மனுசன் வேண்டாங்கறான். கப்பல் உடைஞ்சு கரைக்கு வர்றவங்களை கொல்லாதீங்கன்னு அந்தத் தலைவனுக்கு எடுத்துச் சொல்றான், அவனும் கேட்டுக்கறான். அப்படி மாறி வந்த புருஷனும், தீயே தொடாத பொண்டாட்டியும் சேந்து வாழ்ந்து தானம் பண்ற வீடும்மா அது. அதனாலதான் முதல் பிச்சை அங்க. காதை முடியற அடி உங்களுக்கே தெரியும், தெரியாதவங்களுக்காக எழுதறேன்:

பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுகென
ஆதிரை இட்டனள் ஆருயிர் மருந்தென்

உலகம் பூரா பசிங்கற நோய் அறுந்து போகட்டும்னு சொல்லிட்டுப் போடறா. சோறுங்கற வார்த்தை அங்க இல்ல, ஆருயிர் மருந்து. வகுப்புல இந்த அடியை நடத்தற அன்னைக்கு மத்தியானம் சாப்பாடு மணி அடிச்சாலும் பசங்க எழுந்திருக்க மாட்டாங்க, ஒவ்வொரு வருசமும் பாத்திருக்கேன்.

உங்க சித்தி கேட்டதுக்கு. கார்த்திகா, ரேவதி, சித்ரா, சுவாதி, ரோகிணின்னு பேர் வச்சிருக்கற எல்லாரும் அந்தந்த நட்சத்திரத்துலயா பொறந்தாங்க? நம்ம வீடுங்கள்ல நட்சத்திரப் பேரை பேராத்தான் வச்சுட்டு வந்திருக்கோம். ஆதிரை பரிபாடல்லயே வர்ற சொல்லு, மார்கழி மாசத்து ஆதிரை விழாவை அதுல பாடியிருக்காங்க. இன்னைக்கும் கபாலீஸ்வரர் கோயில்ல திருவாதிரை அன்னைக்கு விடியக்காலம் நிக்கற கூட்டத்தைப் பாத்தா அந்தச் சொல்லுக்கு வயசு ஆகலன்னு தெரியும்.

வானதியும் குறைஞ்ச பேர் இல்ல, அதையும் சொல்லிடணும். வான் நதி, ஆகாயகங்கை. ராஜேந்திர சோழனோட அம்மா கல்வெட்டுல வானவன் மாதேவி, அவங்களுக்கு கல்கி வச்ச பேர் வானதி. கதை ஆரம்பத்துல எதுக்கெடுத்தாலும் மயங்கி விழற பொண்ணு, அப்புறம் சிங்காதனத்துல உக்கார மாட்டேன்னு சபதம் எடுக்கற அளவுக்கு நிமிர்ந்துடறா. உங்க வீட்டுக்காரர் ஆசையில தப்பே இல்ல.

ஜாதகத்துக்கு ஒரு பேர், கூப்பிட ஒரு பேர்ங்கறது பழைய வழக்கம்தான். உ.வே.சா.வுக்கு வச்ச பேர் வேங்கடராமன். வீட்ல சாமிநாதன், அதை சுருக்கி சாமா. அவரோட குரு மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அந்த சாமிநாதன்தான் பிடிச்சுது, அதுதான் நிலைச்சுது. 1898ல மணிமேகலையை ஓலைல இருந்து அச்சுக்குக் கொண்டு வந்து உங்க ஆதிரையை நம்ம கைல குடுத்தவரே வீட்டுப் பேரால நிலைச்சவர்தான்.

கொளத்தூர்_கண்ணகி:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், மனசு கஷ்டப்படாதீங்க தங்கச்சி. என் நிஜப்பேரே கண்ணகி. எங்க தாத்தா 1968 ஜனவரில உலகத் தமிழ் மாநாடு நடந்தப்ப மெரினால கண்ணகி சிலையோட சேத்து சிலைங்க தெறந்ததை கூட்டத்தோட நின்னு பாத்தவரு, அன்னைக்கே முடிவு பண்ணிட்டாராம் நம்ம வீட்ல ஒரு கண்ணகி இருக்கணும்னு, மகளுக்கு வைக்க விடல பாட்டி, பேத்தி நான் பொறந்ததும் யாரையும் கேக்காம வச்சுட்டாரு.

பேர் எனக்குப் பிடிக்கும். ஆனா பேர் கேட்டதும் ஒரு ரெண்டு செகண்ட் எல்லார் முகமும் மாறும், அதை சின்ன வயசுல இருந்து பாத்துட்டு இருக்கேன். 2001 டிசம்பர்ல சிலையை எடுத்தாங்க இல்ல, அப்ப நான் எட்டாவது, கிளாஸ்ல உன்ன தூக்கிட்டாங்களாமேன்னு கேட்டாங்க, வீட்டுக்கு வந்து அழுதேன். தாத்தா அன்னைக்கு சாப்பிடல. 2006 ஜூன்ல திரும்ப வச்சப்ப தாத்தாவுக்கு நடக்க முடியல, ஆட்டோ வச்சு கூட்டிட்டுப் போனோம், பீச் ரோட்ல ஓரமா ஆட்டோவை நிறுத்தி உள்ள உக்காந்தே பாத்தாரு. ஒரு வார்த்தை பேசல, என் கையை மட்டும் பிடிச்சுக்கிட்டாரு.

இதெல்லாம் பரவால்ல. சில வருசம் முன்ன என் வீட்டுக்காரருக்கு பைக்ல அடிபட்டு ஐசியூல இருந்தாரு. வராண்டால என் காது கேக்கவே அவங்க சொந்தத்துல ஒரு அம்மா சொல்றாங்க, பேர் அப்படி வச்சிருக்கு, வேற எப்படி இருக்கும்னு. அவரு பொழச்சு வந்துட்டாரு, இப்ப நல்லாத்தான் இருக்காரு, ஆனா அந்த வார்த்தை என்கிட்ட இருந்து இன்னும் போகல. கண்ணகி என்ன தப்பு பண்ணா? ராஜா சபைல தனியா போய் நின்னு தேரா மன்னான்னு கேட்டவ. தப்பு பண்ணவன் பாண்டியன், அவசரப்பட்டு வெட்டச் சொன்னவன். பாண்டியன்னு ஊர் பூரா பேர் வைக்கறாங்க, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. பொம்பளைங்க பேருக்குத்தான் இந்த ராசிக் கணக்கெல்லாம்.

அதனால நான் சொல்றது, கதைல இருக்கற கஷ்டம் பேரோட வராது, ஆனா சொந்தக்காரங்க பேச்சு வரும். நாளைக்கு அந்தக் குழந்தைக்கு காய்ச்சல் வந்தாக்கூட பேரைச் சொல்ல ஒரு ஆள் இருப்பாங்க. அந்த நேரம் நிறுத்துங்கன்னு சொல்ல வீட்ல ஒருத்தர் வேணும், அது நீங்க மட்டும்னா போதாது, உங்க அத்தையே சொல்லணும். அத்தை மனசு ஒத்துக்காம இந்தப் பேரை வைக்காதீங்க. எனக்கு எங்க தாத்தா இருந்த வரைக்கும் யாரும் வாயைத் தெறக்கல.

வேளச்சேரி_புதுஅம்மா:

கண்ணகி அக்கா, படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவுமே எழுத முடியல. நீங்க சொன்ன கோணத்துல நான் யோசிக்கவே இல்ல, நான் அத்தையை ஜெயிக்கணும்னு நினைச்சுட்டு இருந்தேன். ஐயா, நீங்க எழுதினதை இவர்கிட்ட காமிச்சேன், வானதி பத்தி எழுதினதைப் படிச்சுட்டு சிரிச்சாரு, அப்புறம் ஆதிரை பகுதியை ரெண்டு தடவை படிச்சாரு. நாகர் பாஷை மேட்டர் அவருக்குத் தெரியாதாம். அத்தைகிட்ட இன்னும் எடுக்கல.

ஒரு சந்தேகம், கடைசில ஐ வர்ற பேர் ஸ்கூல்ல ஆபீஸ்ல எல்லாம் கஷ்டமா இருக்குமா? நாத்தனார் அதைத்தான் திரும்பத் திரும்ப சொல்றா.

தாம்பரம்_குந்தவை:

இதுக்கு நான் பதில் சொல்லியே ஆகணும், ஏன்னா என் பேர் குந்தவை, ஐல முடியற பேரோட நாப்பது வருசம் ஓட்டியாச்சு.

நான் வளந்தது வியாசர்பாடி. அங்க உக்காருன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, குந்துன்னுதான் சொல்வாங்க. அப்ப ஸ்கூல்ல என்ன நடந்திருக்கும்னு நீங்களே பாத்துக்குங்க. குந்த வை, எழுந்திரிக்க வை, நிக்க வைன்னு ஒரு பாட்டே கட்டி வச்சிருந்தாங்க பசங்க. அப்பாகிட்ட பேரை மாத்துங்கன்னு சண்டை போட்டிருக்கேன். அப்பா துறைமுகத்துல வேலை பாத்தவரு, ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து லைப்ரரி புக் படிப்பாரு, அவர் என்னைத் திட்டல, ஆறாவது லீவுல தஞ்சாவூர் கூட்டிட்டுப் போனாரு.

பெரிய கோயில்ல ஒரு எடத்துல கல்வெட்டுல என்ன எழுதியிருக்குன்னு அங்க இருந்த ஒருத்தரைக் கேட்டு எனக்கு சொல்ல வச்சாரு. நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்னு ராஜராஜன் சொல்ற மாதிரி வருது. நாம் குடுத்ததுன்னு சொன்ன உடனே அக்கன் குடுத்தது. பொண்டாட்டிங்க எல்லாம் அப்புறம்தான். அந்த அக்கன் யாருன்னு கேட்டேன். நீதான்னு சொன்னாரு எங்கப்பா. ஆயிரம் வருசத்துக்கு முன்ன கல்லுல ஒருத்தர் தன் அக்காவை இப்படி எழுத வச்சிருக்காருன்னா, எனக்கு அந்த வயசுல அது எப்படி இருந்திருக்கும், இப்ப எழுதும்போதும் கண்ணு கலங்குது. அதுக்கப்புறம் பசங்க பாட்டு பாடினாங்கதான், எனக்குத்தான் அது ஒண்ணும் பண்ணல. என் தம்பி என்னை இன்னைக்கு வரைக்கும் அக்கன்னுதான் கூப்பிடறான்.

ஐ மேட்டருக்கு வரேன். வெளியூர்காரங்க குந்தவாய்ன்னு படிப்பாங்க, ஒருதடவை சொல்லிக் குடுத்தா மாத்திக்குவாங்க, பெங்களூர்ல நாலு வருசம் இருந்தேன், ரெண்டாவது வாரத்துல எல்லாரும் ஒழுங்கா கூப்பிட்டாங்க. ஐக்காக ஆதிரையை ஆதிரான்னு மாத்தாதீங்கம்மா. ஆதிராவும் நல்ல பேர்தான், மலையாளத்துல திருவாதிரையைத்தான் அப்படி சொல்றாங்க, ஆனா உங்களுக்கு வேண்டியது அந்தச் சோறு போட்ட வீட்டுப் பொண்ணு, அவ பேர் ஆதிரை.

கோட்டூர்புரம்_சொல்தேடி:

வாழ்த்துகள். பேர் முடிவானவங்களுக்கு இல்ல, இதைப் படிச்சுட்டு இருக்கற மத்த புது அப்பா அம்மாக்களுக்காக எழுதறேன். நெட்ல சுத்தற தூய தமிழ்ப் பேர் லிஸ்ட்டை அப்படியே நம்பாதீங்க. ஒரே பேருக்கு ஒரு லிஸ்ட்ல அழகுன்னு இருக்கும், இன்னொண்ணுல அறிவுன்னு இருக்கும், நிறைய பேருக்கு எந்த இலக்கியத்துலயும் சான்று கிடையாது. புதுசா உருவாக்கின பேர் தப்புன்னு சொல்லல, யாழினி மாதிரி இப்ப நிறைய பேர் வைக்கற பேர் எனக்கே பிடிக்கும், ஆனா அது இலக்கியத்துல இருக்குன்னு சொல்லி குடுக்கும்போதுதான் எனக்கு வருத்தமா இருக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன் இணையத்துல இலவசமா தேடலாம், ஒரு சொல்லைப் போட்டா எந்த நூல்ல வருதுன்னு பக்கத்துலயே இருக்கும். மூல நூலுக்கு மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் ரெண்டும் போதும். அஞ்சு நிமிச வேலை.

பேர் தேடறவங்க குறிஞ்சிப்பாட்டை ஒருதடவை எடுத்துப் பாருங்க. ஆரிய அரசன் பிரகதத்தனுக்கு தமிழ் சொல்லிக் குடுக்க கபிலர் பாடினதுன்னு சொல்வாங்க, அதுல வரிசையா 99 பூ வருது. ஒண்செங்காந்தள் ஆம்பல் அனிச்சம் தண்கயக் குவளை குறிஞ்சி வெட்சின்னு ஆரம்பிக்கும், வாய்விட்டுப் படிச்சா குழந்தை தூங்கிடும், என் ரெண்டு பசங்களையும் அப்படித்தான் தூங்க வச்சேன். பெரியவ பேர் குவளை. அனிச்சம்னு வைக்கத்தான் முதல்ல ஆசைப்பட்டோம், மோந்து பாத்தாலே வாடிடும் அந்தப் பூன்னு வள்ளுவர் விருந்தோம்பல்ல சொல்லியிருக்காரே, பொம்பளைப் புள்ளைக்கு வாடற பேர் வேண்டாம்னு என் மனைவி சொன்னாங்க, அது எனக்கு சரின்னு பட்டுச்சு. இதே மணிமேகலைலயே சுதமதி இருக்கு, மணிமேகலையோட தோழி, யாரும் வைக்கறதில்ல. சிலப்பதிகாரத்துல கண்ணகிக்கு அடைக்கலம் குடுத்த மாதரியோட பொண்ணு ஐயை, ரெண்டே எழுத்து, கண்ணகிக்கு மதுரைல கூடமாட நின்ன பொண்ணு, யாராவது அந்தப் பேரை வைக்க மாட்டாங்களான்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

வேளச்சேரி_புதுஅம்மா:

நாளைக்கு தொட்டில். நடந்ததை சொல்லிடறேன், எல்லாரும் இவ்வளவு எழுதியிருக்கீங்க.

நேத்து சாயங்காலம் பக்கத்து வீட்டு மாமி பாப்பாவைப் பாக்க வந்தாங்க. என்ன பேர்னு கேட்டாங்க, இன்னும் முடிவாகலன்னு அத்தை சொன்னாங்க. அப்ப இவர், ஐயா எழுதினதை போன்ல எடுத்து ரெண்டு பேருக்கும் படிக்க ஆரம்பிச்சாரு. நான் உள்ள பாப்பாவுக்கு பால் குடுத்துட்டு இருந்தேன், காதை மட்டும் இங்க வச்சுட்டு. அத்தை இந்த தடவை நிறுத்தல. தீ வந்துச்சு, அப்பவும் நிறுத்தல. குரல் கேட்டு அவ எழுந்து வீட்டுக்குப் போற எடத்துல, அப்ப ஒண்ணும் ஆகலியான்னு மட்டும் கேட்டாங்க. கடைசி ரெண்டு அடியை இவர் தட்டுத்தடுமாறித்தான் படிச்சாரு.

அப்ப மாமி பேசினது நான் எதிர்பாக்காதது. 2015 டிசம்பர் வெள்ளத்துல நான் இந்த வீட்ல கிடையாது, கல்யாணமே ஆகல. கீழ் வீடு பூரா தண்ணி, கரண்ட் இல்ல, மாடிக்கு சிலிண்டரை கயிறு கட்டித் தூக்கி அத்தைதான் மூணு நாள் தெருவுக்கே சமைச்சாங்களாம். முதல் நாள் சாதம் ரசம், மறுநாள் வெறும் சாதம், மூணாம் நாள் அரிசி கொறைஞ்சு போய் கஞ்சி. மொட்டமாடியில இருந்து மொட்டமாடிக்கு பக்கெட்ல கயிறு கட்டி அனுப்பினாங்களாம். மாமி சொல்றாங்க, உங்க வீட்டு கஞ்சி குடிச்சுத்தான் என் மாமியார் மாத்திரை போட்டாங்க, நீ உங்க பேத்திக்கு இந்தப் பேர் வேண்டாங்கறியான்னு. இதை அத்தை ஒருநாள் கூட என்கிட்ட சொன்னதில்ல, இவரும் சொன்னதில்ல, அன்னைக்கு எல்லாரும்தான் பண்ணாங்கன்னு முடிச்சுட்டாங்க.

அத்தை உடனே சரின்னு எல்லாம் சொல்லல. ராத்திரி நான் பாட்டில் கழுவிட்டு இருந்தப்ப வந்து, ஜாதகத்துல வா எழுத்து விடக்கூடாது, வானதின்னு காதுல சொல்லிடலாம், கூப்பிடறது எழுதறது எல்லாம் அந்த இன்னொரு பேர் இருக்கட்டும்னாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன், கண்ணகி அக்கா, உங்களை நினைச்சுட்டுத்தான் கேட்டேன், நாளைக்கு யாராவது தீ கீன்னு ஆரம்பிச்சா அத்தை? அதுக்கு, கதையை முழுசா கேட்டுட்டு அப்புறம் பேசுங்கன்னு நான் சொல்லிக்கறேன்னாங்க.

இவர் தாத்தா பைண்ட் பண்ண அந்த முதல் பாகத்தோட முதல் பக்கத்துல, தாத்தா கையெழுத்துக்குக் கீழ, வானதி என்கிற ஆதிரைன்னு எழுதி தேதி போட்டு வச்சிருக்காரு.

ஸ்பெல்லிங் மட்டும் பாக்கி. கடைசில ஏ ஐ போதுமா, ஒரு ஒய் சேக்கணுமா? ஆரம்பத்துல ரெண்டு ஏ போடவா?

தாம்பரம்_குந்தவை:

ஐயோ கேக்கவே ரொம்ப சந்தோஷமா இருக்கு. கடைசில ஏ ஐ போதும், ஒய் வேண்டாம், என் பாஸ்போர்ட்ல அப்படித்தான் இருக்கு, இதுவரைக்கும் எந்தச் சிக்கலும் வந்ததில்ல. ஆரம்பத்துல ரெண்டு ஏ போடுங்க, இல்லன்னா அதிரைன்னு படிச்சுடுவாங்க. தொட்டில் எத்தனை மணிக்கு?

கொளத்தூர்_கண்ணகி:

அத்தை காலைத் தொட்டு கும்பிட்டேன்னு சொல்லுங்க தங்கச்சி. ஆதிரைக்கு என்னோட முத்தம்.